மாத்திரை போட்டால் கவிதை நின்றுவிடுமா?

கேள்வி: மனசு சரியில்லாதபோதுதான் எனக்குக் கவிதை வரும். இப்போது மனச்சோர்வுக்கு டாக்டர் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். போட்டால் எழுத்து வறண்டுவிடுமோ என்று சீட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முதலில் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

இந்தப் பயம் பழையது. டென்மார்க் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஸ்கௌ, லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிட்டுவந்த 24 கலைஞர்களிடம் இதையேதான் கேட்டு 1979-இல் எழுதினார். 12 பேர் முன்பைவிட அதிகம் படைக்க முடிகிறது என்றார்கள், 6 பேருக்கு மாற்றமில்லை, 6 பேருக்குக் குறைந்தது. உங்கள் மாத்திரை வேறாக இருக்கலாம். ஆனாலும் அந்தக் கடைசி ஆறு பேரை நான் மறைக்க மாட்டேன். போட்ட பிறகு மந்தமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சோகம் விஷயம் தரும், சரி. வரியைக் கோக்கிற வேலைக்கு வேறு மனசு வேண்டும். அமெரிக்காவில் உளவியலாளர் ஆலிஸ் ஐசன் குழுவினர் 1987-இல் ஒரு மெழுகுவத்தி, ஒரு தீப்பெட்டி, ஒரு டப்பா நிறையக் குண்டூசி கொடுத்து, மெழுகு கீழே சொட்டாமல் சுவரில் வத்தியை நிறுத்தச் சொன்னார்கள். குண்டூசியைக் கொட்டிவிட்டு டப்பாவையே சுவரில் குத்தி வத்தியை அதில் வைக்க வேண்டும், அவ்வளவுதான், ஆனால் டப்பா டப்பாவாகவே கண்ணில் நிற்கும்வரை இது தோன்றாது. சிரிப்புப் படம் பார்த்துவிட்டு வந்தவர்களில் நாலில் மூன்று பேர் கண்டுபிடித்தார்கள், சாதாரணப் படம் பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான். சந்தோஷத்தில் டோபமைன் என்ற மூளை ரசாயனம் கூடுவதால் மூளை ஒரே தடத்தை விட்டு நகர்கிறது என்று 1999-இல் ஐசனும் சகாக்களும் விளக்கம் சொன்னார்கள். அது இன்னும் விளக்கம்தான், தீர்ப்பு அல்ல.

வாடிய மனசு பிழை பார்க்க உதவும். கரன்ட் போன ராத்திரியில் எரிச்சலோடு திருத்திய பிரதிதான் என்னிடம் சுத்தமாக வந்திருக்கிறது.

பாரதி கஷ்டத்தில்தானே எழுதினார் என்பீர்கள். புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை கையில் காசில்லை, ஒற்றர் தொல்லை வேறு. ஆனால் பேச வ.வே.சு. ஐயர் இருந்தார், அரவிந்தர் இருந்தார், போய் உட்கார முத்தியால்பேட்டையில் ஒரு தோப்பும் இருந்தது. கஷ்டத்தை மட்டும் ஏன் கணக்கில் எடுக்கிறோம்?

கேள்வி: பீச்சில் நடந்தால் யோசனை வருமா?
- வாசகர், லாஸ்பேட்டை

பதில்: பீச்கூட வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து 2014-இல் வெளியான ஆய்வில் வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கே உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிக யோசனை வந்தது. நமக்குப் புதுச்சேரியில் சாயங்காலம் வண்டி விடாத கடற்கரைச் சாலையே இருக்கிறது. பேனா மட்டும் கொண்டு போங்கள், காகிதம் சுண்டல்காரர் தருவார்.