பெரிய தாத்தாவின் படத்துக்கு மாலை போடலாமா?

கேள்வி: என் பாட்டிக்கு 91 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அண்ணன் 1943-இல், 19 வயதில், நேதாஜியின் படையில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்து பர்மாவுக்குப் போனார். காய்ச்சலில் இறந்துவிட்டதாகக் கூடப் போனவர் வந்து சொன்னாராம். தேதி தெரியாது, சமாதியும் இல்லை. அண்ணன் படத்தை வீட்டில் மாட்டி மாலை போட வேண்டும் என்கிறார் பாட்டி. மாமா மறுக்கிறார். மாமாவின் அப்பாவழித் தாத்தாவை, அப்போது மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் சயாமில் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனான்; அவரும் திரும்பவில்லை. "ஜப்பான்காரனோடு நின்றவனுக்கு இந்த வீட்டில் மாலையா?" என்கிறார் மாமா. நான் என்ன செய்வது?
— ஒரு பேத்தி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

படத்தை மாட்டுங்கள். ஆனால் மாமாவை மீறி மாட்டாதீர்கள். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1943 அக்டோபரில் அது முடிவதற்குள் காலராவிலும் பட்டினியிலும் செத்துப்போன தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல்லறைகூடக் கிடையாது. அந்த வலியை மாமா சுமக்கிறார்.

அதே 1943-இல் உங்கள் பெரிய தாத்தா முன்னால் என்ன இருந்தது என்பதையும் பாருங்கள். ரப்பர் வாங்க ஆளில்லை, வேலை இல்லை, அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. ஒரு பக்கம் சயாமுக்கு ஆள் பிடிக்கிறார்கள், இன்னொரு பக்கம் படைக்குக் கூப்பிடுகிறார்கள். சயாமிலிருந்து தப்பிக்கவே படையில் சேர்ந்தவர்கள் உண்டு. துரைக்கும் கங்காணிக்கும் குனிந்தே பழகிய பையன்கள், இந்தியாவின் விடுதலைக்கு என்று நிமிர்ந்து கிளம்பியதும் உண்டு. அந்தப் படை ஜப்பானை நம்பித்தான் நின்றது. இதை மாமாவிடம் மறைக்க வேண்டாம். ஆனால் தண்டவாளத்துக்கு ஆள் பிடித்தவன் அந்த 19 வயதுப் பையன் அல்ல.

காய்ச்சலில் செத்தவன் போர்வீரனா என்று யாராவது கேட்டால் விடாதீர்கள். 1944-இல் மணிப்பூரின் இம்பாலிலிருந்து அந்தப் படை பின்வாங்கியபோது கொட்டும் மழையில் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பசியும் கூட்டம் கூட்டமாக ஆளைக் கொன்றன. அது போர்க்களத்துச் சாவுதான்.

சரி, மாமாவிடம் யார் பேசுவது? நீங்கள் வேண்டாம், பாட்டி பேசட்டும். சயாமில் இறந்த அந்தத் தாத்தா பாட்டிக்கு யார்? மாமனார். முகம்கூடப் பார்த்திராத அவருக்கும் இத்தனை வருஷம் அமாவாசைக்கு இலை போட்டது உங்கள் பாட்டியாகத்தான் இருக்கும். இரண்டு சாவும் அவர் வீட்டுச் சாவு. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். மாமாவின் தாத்தாவுக்குப் படம் இல்லையென்றால் பெயரை அழகாக எழுதிச் சட்டம் போடுங்கள். திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறது. இருவருக்கும் அன்றே படைக்கலாம்.

பாட்டிக்கு உடம்பு இடம் கொடுத்தால் சிங்கப்பூர் எஸ்பிளனேட் பூங்காவுக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். அந்தப் படையில் மாண்ட முகம் தெரியாத வீரர்களுக்காக 1945 ஜூலையில் நேதாஜி அங்கே அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த பிரிட்டிஷார் அந்த நினைவுச் சின்னத்தை இடித்துத் தள்ளினார்கள். 1995-இல் அதே இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். சமாதி இல்லாத அண்ணனுக்கு ஒரு பூ வைக்க அது போதும்.

அப்புறம், கைப்பேசியில் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். அண்ணனை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள், தோட்டத்தில் எந்த டிவிஷன், அப்பாவின் முழுப் பெயர் என்ன, சேதி கொண்டுவந்தவர் யார், சேரப் போன அன்று அம்மா என்ன சொன்னார், எல்லாவற்றையும் கேளுங்கள். டில்லியில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் படையின் கோப்புகள் இருக்கின்றன. ஒரு தோட்டத்துப் பையனின் பெயர் அதில் அகப்படுவது கஷ்டம்தான். தேடுவதற்கே அப்பா பெயரும் ஊரும் சரியாகத் தெரிய வேண்டும், அதைச் சொல்ல இன்று பாட்டி ஒருவர்தான் இருக்கிறார். படம் மாட்டுகிற பேச்சு முடியட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே உட்காருங்கள்.