வீட்டுக்குள் கிறிஸ்துமஸ் சீரியல் லைட் எத்தனை போட்டாலும் கடை மாதிரியே இருக்கிறது, அழகாகப் போடுவது எப்படி?

நீங்கள் வாங்கியிருப்பது வெள்ளை வெளேரென்று எரியும் செட்டாகத்தான் இருக்கும், அதைச் சுவரின் உச்சியில் நாலு பக்கமும் ஓட்டியிருப்பீர்கள். எப்படித் தெரியும் என்றால், நானும் அதையேதான் செய்தேன்.

வாடகை வீட்டில் முதல் டிசம்பர் அது. 300 எல்இடி உள்ள செட், காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பல்பு கூட வீணாகக் கூடாது என்று ஹால் முழுக்கச் சுற்றி டேப் போட்டு ஒட்டினேன். சுவிட்சைப் போட்டால் ஆபரேஷன் தியேட்டருக்குள் நிற்பது போல் இருக்கிறது. பெட்டியின் ஓரத்தில் 6500கே (கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அது நீலம் தட்டும் வெள்ளை. பழைய குண்டு பல்பின் மஞ்சள் வேண்டுமென்றால் 2700கே பக்கம், வார்ம் வொயிட் என்று பார்த்து வாங்க வேண்டும்.

அதைவிடக் கொடுமை கன்ட்ரோலர். எட்டு விதமாக மினுக்கும், அதாவது ஏழு விதமாக மினுக்கும், எட்டாவதுதான் சும்மா நிலையாக எரிவது. அணைத்துப் போட்டால் முதலிலிருந்து தொடங்கும். தினமும் மாலை சோபாவுக்குப் பின்னால் கையை விட்டு, தூசியில் தடவி, அந்தச் சின்ன பட்டனை ஏழு முறை அமுக்குவேன். அவசரத்தில் எட்டாகிவிட்டால் தொலைந்தது, மறுபடி ஒன்றிலிருந்து. மெமரி உள்ள கன்ட்ரோலர் என்று ஒன்று இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

மின்விளக்கை முதன்முதலில் கிறிஸ்துமஸ் மரத்தில் சுற்றியவர் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், 1882இல், நியூயார்க்கில் தன் வீட்டில். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மொத்தமே 80 பல்புதான். அவருக்கு 80 போதுமாக இருந்திருக்கிறது, நான் ஒரு ஹாலுக்கு 300 போட்டேன்.

அடுத்த வருடம் ஒரே ஒரு செட், புத்தக அலமாரியின் முதுகுப் பக்கம். பல்பு கண்ணில் படவில்லை, அதன் வெளிச்சம் மட்டும் சுவரில் வழிந்தது, அவ்வளவுதான் விஷயம். மெல்லிய திரைச்சீலைக்குப் பின்னால் மேலிருந்து கீழாகத் தொங்கவிட்டாலும் இதே பலன்தான். கலர் கலராக மினுக்கினால்தானே பண்டிகை என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம், உங்கள் வீடு, உங்கள் கண், நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

நான் எலக்ட்ரீஷியன் இல்லை, ஆனால் சிலது பட்டுத் தெரிந்துகொண்டது. முதலில் பிளக் பாயிண்ட் எங்கே என்று பார்த்துவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள், இல்லாவிட்டால் கடைசியில் ஒயர் கதவிடுக்கில் நசுங்கும், அல்லது நீங்களே கார்பெட்டுக்கு அடியில் திணிப்பீர்கள். இரண்டுமே ஆபத்து. பழைய சூடேறும் பல்பு செட் கையில் இருந்தால் திரைச்சீலை, காகித அலங்காரம் பக்கமே கொண்டு போகாதீர்கள், எல்இடி அந்த அளவுக்குச் சுடாது. ஒன்றோடொன்று எத்தனை செட் கோக்கலாம் என்பது பெட்டியிலேயே இருக்கும்.

டேப் மட்டும் வேண்டாம், ஒட்டிப் பிரிக்கும் கொக்கி வாங்குங்கள். காலி செய்யும்போது வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, பெயின்ட் உரிந்த இடங்களை விரல் வைத்து எண்ணினார், பதினொன்று. அதற்காக ஹால் முழுக்கப் பெயின்ட் அடிக்கும் செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். குளியலறைச் சுவர் நான் குடிவருவதற்கு முன்பே பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது, அதைப் பற்றி எத்தனை முறை சொல்லியிருப்பேன், அப்போது ஸ்டூலும் வரவில்லை, விரலும் வரவில்லை. சரி, டேப் என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உரிந்த இடத்திலெல்லாம் அடியில் பழைய பச்சை பெயின்ட் தெரிந்தது, அதன் மேல் சுரண்டாமல் கொள்ளாமல் அப்படியே வெள்ளையடித்தது நானா?