38-ஆ, 32-ஆ? (கடிதம்)

வணக்கம் சார்,

என் மகள் பதினொன்றாம் வகுப்பு. ஒரு குளுக்கோஸிலிருந்து செல் 38 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) தயாரிக்கிறது என்று அவள் நோட்ஸில் இருக்கிறது. டியூஷனில் 32 என்கிறார்கள், ஒரு கைடில் 30. எதைப் படிக்கச் சொல்வது? மூச்சுப்பயிற்சி செய்தால் இந்த எண்ணிக்கை கூடுமா?

சுதா

அன்புள்ள சுதா,

மூச்சுப்பயிற்சி மனதுக்கு நல்லது, செய்யுங்கள். பரீட்சையில் பாடநூலில் உள்ளதை எழுதட்டும். ஆனால் எண் ஏன் மாறியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே நீங்கள்! சொல்லித்தருகிறவர்களும் சொல்வதில்லை. சில நாட்களாகவே இந்தக் கோபம் எனக்குள் இருக்கிறது.

38 என்பது ஒவ்வொரு படியிலும் ஏடிபி முழு எண்ணாகக் கிடைக்கும் என்று நம்பிய காலத்துக் கணக்கு. 1961-ல் பீட்டர் மிட்செல் வேறொன்று சொன்னார். குளுக்கோஸிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை நோக்கிப் போகும்போது வெளிப்படும் ஆற்றல், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு அப்பால் புரோட்டான்களைத் தள்ளிக் குவிக்கிறது. அவை திரும்பி வரும் விசையில்தான் ஏடிபி உருவாகிறது என்றார். பலர் ஏற்கவில்லை. வயிற்றுப்புண் வந்து எடின்பரோ பல்கலைக்கழகத்தை விட்டவர், கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு, ஜெனிஃபர் மாயிலோடு அங்கேயே ஆய்வகம் நடத்தினார். 1978-ல் நோபல்.

திரும்பும் புரோட்டான்கள் ஒரு புரதச் சுழலியைச் சுழற்றுகின்றன; அது சுழலும்போதுதான் ஏடிபி உருவாகிறது. ஏடிபியைக் கொடுத்தால் அதே சுழலி அதை உடைத்தும் சுற்றும். 1997-ல் ஜப்பானியர்கள் அதன் தலைப்பகுதியைக் கண்ணாடியில் ஒட்டி, அச்சில் ஆக்டின் என்ற புரதத்தின் ஒளிரும் இழையொன்றைப் பொருத்தி, ஏடிபியை ஊற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். இழை சுற்றியது, எப்போதும் ஒரே திசையில். செல் குளுக்கோஸை உடைக்கும் படிகளில் ஒன்றான கிரெப்ஸ் சுழற்சியை உருப்போட்டு மார்க் வாங்கியவன் நான். அந்த வீடியோவைப் பார்த்த இரவு தூங்கவில்லை. இது எனக்குள் சுற்றுகிறது என்று வகுப்பில் ஒருவரும் சொன்னதில்லையே!

இப்போது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி. பசுவிலும் நம்மிலும் அந்தச் சுழலும் வளையத்தில் 8 புரதத் துண்டுகள். துண்டுக்கு ஒரு புரோட்டான், ஆக ஒரு சுற்றுக்கு 8 புரோட்டான்கள். 8-ஐ 3-ஆல் வகுத்தால் முழு எண் வருமா? ஏடிபி செய்யத் தேவையான பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவர ஏடிபிக்கு இன்னொரு புரோட்டான் செலவு. சவ்வில் கசிவது தனி. பச்சைக்குழந்தையின் பழுப்புக் கொழுப்பு வேண்டுமென்றே கசியவிட்டுத்தான் உடம்பைச் சூடாக வைக்கிறது. எலக்ட்ரான்களைச் சுமந்து வரும் என்ஏடிஎச் என்ற மூலக்கூறு ஒன்றுக்கு 3 ஏடிபி என்றிருந்தது ஏறத்தாழ 2.5 ஆனது இப்படித்தான். 38 குறைந்ததும் அதனால்தான்.

30-ஆ 32-ஆ என்பது, மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் கிடைத்த எலக்ட்ரான்கள் எந்த வழியாக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகின்றன என்பதைப் பொறுத்தது. ஈரலிலும் இதயத்திலும் ஒரு வழி, 32. எலும்புத்தசையில் பெரும்பாலும் இன்னொரு வழி, 30. கைடு போட்டவர் இதை ஒரு வரியில் எழுதியிருந்தால் குழந்தை குழம்பியிருக்க மாட்டாள். அவளைத் திட்டாதீர்கள்.