நாயை ஒரு மாதம் விட்டுப் பழக்கி எடுக்கலாமா?

கோண்டாவிலிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "எங்களிடம் ஒன்பது மாத லாப்ரடோர் கலப்பு ஆண் நாய் நிற்கிறது. கூப்பிட்டால் வராது, கேற்றைத் திறந்தால் ஒழுங்கைக்கு ஓடிவிடும். பயிற்சியாளர் ஒருவர், ஒரு மாதம் தன்னிடம் விட்டால் எல்லாம் பழக்கித் தருவதாகச் சொல்கிறார். தரம் எட்டில் படிக்கும் மகளோ நாய்கள் தடை தாண்டி ஓடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வளவில் மூங்கில் கட்டித் தாண்ட விடுகிறாள். நான் என்ன செய்வது, அண்ணா?"

முதலில் அந்த மூங்கிலை இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு கதைக்கலாம்.

ஒன்பது மாத நாய் பார்வைக்கு வளர்ந்த நாய் மாதிரித்தான் இருக்கும். ஆனால் கால் எலும்புகளின் முனையில், எலும்பு நீளும் இடம் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். லாப்ரடோர் அளவுள்ள நாய்க்கு அது முற்றி மூட ஒரு வயது தாண்டும், சிலவற்றுக்கு ஒன்றரை வயதும் ஆகலாம். அதற்கு முன் திரும்பத் திரும்பத் தாண்டிக் குதித்து அந்த இடத்தில் அடிபட்டால் கால் கோணலாக வளரக்கூடும். லாப்ரடோருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாகவும் வரும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். அதோடு, போட்டித் தடையில் குறுக்குக் கம்பு சும்மா தாங்கியில் கிடக்கும், கால் பட்டால் கம்புதான் விழும். கட்டிவைத்த மூங்கிலில் கால் பட்டால் நாய்தான் விழும்.

சரி, அந்த ஒரு மாதக் கதைக்கு வருவோம். நானும் ஒரு காலத்தில் அப்படி ஏமாந்தவன்தான். என் முதல் நாயை ஒருவரிடம் ஐந்து கிழமை விட்டுவிட்டு, திரும்ப எடுக்கப் போன அன்று அவர் செய்துகாட்டியதைப் பார்த்து வாயைப் பிளந்தேன்: இரு என்றால் இருந்தது, படு என்றால் படுத்தது, அவர் காலோடு ஒட்டி நடந்தது. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் பழையபடி கேற்றைத் தாண்டி ஓடியது. புதிதாக ஒரு பழக்கம் மட்டும் வந்திருந்தது, யாராவது தும்புத்தடியைக் கையில் எடுத்தால் கட்டிலுக்குக் கீழே போய் ஒளித்துக்கொள்ளும். அங்கே என்ன நடந்திருக்கும் என்பதை அதற்கு மேல் யாரும் எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

அவர் அடிக்காத நல்ல மனிதராக இருந்திருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிருக்காது. நாய் ஒரு சொல்லைப் படிக்கும்போது அந்த இடம், அந்தக் குரல், சொல்பவரின் நிற்கும் விதம், கையில் என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்தே படிக்கிறது. அவருடைய முற்றத்தில் கற்றது உங்கள் முற்றத்துக்குத் தானாக வந்து சேராது. அதனால்தான் நல்ல வகுப்பில் கயிறு உங்கள் கையில் இருக்கும், ஆசிரியர் நாயைவிட உங்களைத்தான் அதிகம் திருத்துவார். உங்கள் வீட்டில் மகள்தான் நாயோடு கூட நேரம் நிற்கிறாள் என்றால் கயிறு அவள் கையில் இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

இன்னொன்று, யாழ்ப்பாணத்து வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது. நாயை உட்காரச் சொல்ல அம்மா "இரு" என்பார். சாப்பாடு வைக்கும்போது பொறுத்திருக்கச் சொல்லவும் அதே "இரு"தான். அப்பா "சிட்" என்பார், அம்மம்மா "பேசாமல் கிட" என்பார். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து நாய்க்கு விளங்கவில்லை என்பார்கள்! ஒரு செயலுக்கு ஒரு சொல், வீட்டில் எல்லோரும் அதே சொல். "இரு" என்றால் பின்புறம் நிலத்தில் படவேண்டும், பொறுத்திருக்க "நில்". தமிழா ஆங்கிலமா என்பது நாய்க்குப் பொருட்டில்லை.

கூப்பிட்டால் வராததற்குக் காரணம் பாதி அதன் வயது. ஆறு மாதத்துக்குப் பிறகு ஆண் நாய்களுக்குக் காது கேட்காத ஒரு பருவம் வரும், நம் வீட்டுப் பெடியன்களுக்கு வருவது போல. மீதிப் பாதி நம் பிழை. நாயை எப்போதெல்லாம் கூப்பிடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கட்டிப்போட, கிணற்றடியில் குளிப்பாட்ட, ஓடிப்போனதற்கு ஏச. வந்தால் கெட்டதுதான் நடக்கும் என்றால் யார் வருவார்கள்? நாயின் பெயர் இப்படிக் கெட்டுப்போயிருந்தால் கூப்பிட ஒரு புதுச் சொல்லை எடுங்கள். வீட்டுக்குள்ளே இரண்டடி தூரத்தில் தொடங்கி, வந்தவுடன் அவித்த கோழியில் சுண்டுவிரல் நகமளவு துண்டு ஒன்று கொடுங்கள். பிறகு விறாந்தை, பிறகு முற்றம், அங்கே பத்து மீற்றர் கயிற்றோடு. பரிசு கொடுக்கும் நேரம் முக்கியம். செய்த கணத்திலிருந்து ஒன்றிரண்டு விநாடிக்குள் கொடுக்கவேண்டும், பிந்தினால் வேறு எதற்கோ கிடைத்ததாக நினைத்துக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் காணும், நாளுக்கு மூன்று தடவை. கருவாடு கொடுக்காதீர்கள், உப்பு. வெங்காயம் போட்ட சொதிச் சோறும் வேண்டாம், வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ஓடிப்போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாலும் ஏசக்கூடாது. எனக்கும் இது கஷ்டம்தான்.

வகுப்பைத் தெரிவு செய்யும்போது முதல் நாள் நாயை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். பார்க்க விடமாட்டேன் என்றால் அதோடு திரும்பி வரலாம். நாய்களின் வாலைப் பாருங்கள், பெரும்பாலானவை காலுக்கிடையில் வாலை ஒடுக்கிக்கொண்டு நின்றால் அங்கே படிப்பு நடக்கவில்லை, பயம்தான் நடக்கிறது. கழுத்தை இறுக்கும் சங்கிலி, முள் வளையம், மின்சாரப் பட்டி இருந்தாலும் அப்படியே. ஒரு ஆசிரியருக்கு ஆறு நாய்க்கு மேல் என்றால் உங்கள் முறை வருவதற்குள் நாய் அலுத்துவிடும். "முப்பது நாளில் நிச்சயம்" என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. தடுப்பூசி அட்டையைக் கேட்பவரை நம்புவேன். விசர்நாய்த் தடுப்பூசியும் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான ஊசிகளும் முடியாமல் பத்து நாய் கூடும் இடத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. திரும்பி வந்ததும் காது மடலையும் விரலிடுக்கையும் பார்த்து உண்ணி எடுங்கள்.

இனி மகளின் ஆசை. அதைத் தட்டிவிடாதீர்கள். அவள் பார்த்தது அஜிலிட்டி என்ற விளையாட்டு. 1978இல் லண்டனில் நடந்த கிரப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கிடையே சனத்துக்குப் பொழுதுபோக்காக, குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்துச் செய்துகாட்டிய ஒன்றிலிருந்து வளர்ந்தது அது. தடை, சுரங்கம், சாய்பலகை, மேலும் கீழும் ஆடும் பலகை, நட்ட தடிகளுக்கிடையே வளைந்து ஓடுதல் எல்லாம் அதில் உண்டு. நாய் கயிறு இல்லாமல் ஓடும், ஆள் கூட ஓடிக் கையாலும் குரலாலும் வழி காட்டவேண்டும், நாயைத் தொடக்கூடாது. அதாவது கூப்பிட்டால் வராத நாயோடு இந்த விளையாட்டே கிடையாது. இதை மகளிடம் சொல்லிப் பாருங்கள், கூப்பிடும் பயிற்சியை அவளே விடாமல் செய்வாள்.

தாண்டாமலே இப்போதைக்குச் செய்யக்கூடியவை நிறைய உண்டு. நாலைந்து பைப் துண்டுகளை நிலத்தில் கிடத்தி மெதுவாக நடக்கவிட்டால் பின்னங்கால் எங்கே போகிறது என்று நாய் கவனிக்கத் தொடங்கும். பெரும்பாலான நாய்களுக்குத் தங்களுக்குப் பின்னங்கால் இருப்பதே ஞாபகம் இராது! இரண்டு கதிரைகளுக்கு மேல் படுக்கை விரிப்பைப் போட்டால் சுரங்கம் தயார். வளைந்து ஓடும் தடிகள் போட்டியில் பன்னிரண்டு வரை இருக்கும், இடைவெளி ஏறக்குறைய இரண்டடி. முதுகை முறுக்கும் வேலை அது, வேகமாக ஓடவிட ஒன்றரை வயது ஆகட்டும், தாண்டுவதற்கும் அப்படித்தான். தடிக்குப் பனை மட்டையை மட்டும் நடவேண்டாம், கருக்கு கிழித்துவிடும். செம்மண் தரையில் ஓடவிடுங்கள், சீமெந்துத் தரை வேண்டாம். நெருஞ்சி முள் இருக்கிறதா என்று முதலில் நடந்து பாருங்கள்.

என்னைக் கேட்டால், நம் ஊருக்கு மிகப் பொருத்தமான நாய் விளையாட்டு மோப்பம்தான். போருக்குப் பிறகு வடக்கில் கண்ணிவெடி தேடிய நாய்கள் செய்ததன் விளையாட்டு வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு வெறும் மட்டைப்பெட்டிகளைப் பரப்பி ஒன்றில் கோழித்துண்டை ஒளித்து வையுங்கள். நாய் தேடும்போது வாய் திறக்காதீர்கள், கையும் காட்டாதீர்கள், கண்டுபிடித்ததும் அந்தப் பெட்டியிலேயே இன்னும் ஒரு துண்டு போடுங்கள். பத்து நிமிடம் மோந்து தேடிய நாய், அரை மணி நேரம் நடந்த நாயைவிட நன்றாகப் படுத்துத் தூங்குவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நிழலில் செய்யலாம், வயதான நாயும் நொண்டி நாயும் செய்யலாம். கோயில் திருவிழா காலத்தில் லவுட்ஸ்பீக்கருக்கும் வெடிக்கும் நடுங்கும் நாய்க்கு அறைக்குள்ளே வைத்துச் செய்ய இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

வெயிலை மட்டும் விளையாட்டாக எடுக்கவேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், காற்றில் ஈரம் கூடினால் அதுவும் சரியாக நடக்காது. சித்திரை வைகாசியில் விடிய ஏழு மணிக்கு முன், அல்லது பின்னேரம் ஐந்தரைக்குப் பின். தார் ரோட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயையும் நடத்தக்கூடாது. நாக்கு அகன்று கடும் சிவப்பாகி, எச்சில் தடித்து, கால் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக உடம்பில் ஊற்றி விசிறுங்கள். சூட்டைக் குறைக்கத் தொடங்கிவிட்டு, ஊற்றிக்கொண்டே மிருக வைத்தியரிடம் போகவேண்டும். காலை பத்து மணிக்கு வைக்கும் வகுப்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

கடைசியாக, வகுப்புக்கு எப்படிக் கொண்டுபோவது? ஓட்டோ என்றால் தெரிந்த ஒருவரைப் பிடித்து, முதலில் இரண்டு பின்னேரம் எஞ்சினை நிறுத்திய ஓட்டோவுக்குள் ஒரு சாக்கை விரித்து, ஏறி இறங்கவும் உள்ளே சாப்பிடவும் மட்டும் பழக்குங்கள். பிறகு சந்தி வரை ஒரு ஓட்டம். கயிற்றைக் கழுத்தில் கட்டவேண்டாம், நெஞ்சுப் பட்டியில் கட்டி உங்கள் காலுக்கடியில் குறுக்கிப் பிடியுங்கள். புறப்படும் அன்று காலைச் சாப்பாட்டைப் பாதியாக்கினால் ஓட்டோக்காரர் அடுத்த கிழமையும் வருவார்.