டைவிங் சூப்பர்வைசர் ஆக 15 நாள் போதுமா?

கேள்வி: எனக்கு 28 வயது. சொந்த ஊர் எமரால்டு பக்கம். நாலு வருஷமாக கமர்ஷியல் டைவராக இருக்கிறேன். மும்பைக் கடலில் எண்ணெய் மேடை வேலை இரண்டு சீசன் பார்த்தேன். மற்றபடி கொச்சி, தூத்துக்குடி துறைமுக வேலைகள். இனி சூப்பர்வைசர் ஆகலாம் என்று ஆசை. '15 நாள் பயிற்சி, முடித்ததும் சூப்பர்வைசர்' என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். மூன்று லட்சம் கேட்கிறார்கள். சேரலாமா? எங்கள் ஊரைச் சுற்றி இத்தனை அணைகள் இருக்கின்றனவே, இங்கேயே வேலை கிடைக்காதா? நான் பக்கத்தில் இருந்தால் போதும் என்கிறார் அம்மா. (போன மாதம் கொச்சியில் மதியம் வேலை முடிந்து இரவே வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் தோள்பட்டை வலி. இந்தப் பனி ஒத்துக்கொள்ளவில்லை போல.)
— பெயர் வேண்டாம், நீலகிரி

பதில்: தம்பி, மூன்று லட்சத்துக்கு அப்புறம் வருகிறேன். அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தோள்பட்டை வலியை முதலில் பார்ப்போம்.

எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று எழுதவில்லை. கொச்சி கடல் மட்டத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டி வழியாகத்தானே எமரால்டுக்குப் போயிருப்பீர்கள்? அழுத்தத்தில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன் முழுக்க வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்கு ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்த கதைதான். மூட்டுப் பக்கம் குமிழ் கட்டினால் வலிக்கும். தோள்பட்டை அதற்கு ரொம்பப் பிடித்த இடம்.

டைவ் முடித்த பிறகு 12 மணி நேரமோ 18 மணி நேரமோ, டிகம்ப்ரஷன் (மேலே வரும்போது நின்று நின்று அழுத்தத்தைக் குறைப்பது) செய்திருந்தால் இன்னும் கூடுதலாகவோ விமானம் ஏறக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போலத்தான் இருக்கும். உங்கள் வீடும் ஏறத்தாழ அதே உயரம். பஸ்ஸில் வந்தாலும் அன்றிரவு நீங்கள் தூங்கியது விமானத்தில்தான். மலையேறுவதற்கு எத்தனை மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று அமெரிக்கக் கடற்படையின் டைவிங் கையேட்டில் தனி அட்டவணையே இருக்கிறது.

வீட்டில் நீலகிரித் தைலம் தேய்த்துவிட்டிருப்பார்கள், தெரியும். தைலத்துக்குக் குமிழ் கரையாது. வெறும் தசைப்பிடிப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் டைவ் முடித்தவருக்கு மூட்டு வலி என்றால், இல்லை என்று நிரூபணமாகும்வரை அது குமிழ்தான் என்று எடுத்துக்கொள்வது தொழில் வழக்கம். அன்றைக்கே சொல்லியிருந்தால் சேம்பரில் (அழுத்தம் ஏற்றும் மூடிய அறை) படுக்க வைத்து, 18 மீட்டர் அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்துத் தொடங்கியிருப்பார்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேர வேலை. வலி போய்விட்டது என்றாலும், டைவிங் மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் காட்டாமல் அடுத்த முறை தண்ணீரில் இறங்காதீர்கள்.

சரி, இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், 'ராத்திரி எங்கே தங்கப் போகிறாய்?' என்று அன்று உங்களிடம் கேட்டிருக்க வேண்டியவர் உங்கள் சூப்பர்வைசர். கேட்டாரா? நீங்கள் ஆசைப்படுகிற நாற்காலியில் உட்கார்ந்தால் இந்த மாதிரிக் கேள்விகளை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி விளம்பரம். கடலில் எண்ணெய், எரிவாயு வேலைகளுக்குப் பெரும்பாலும் ஐஎம்சிஏ என்கிற சர்வதேசக் கடல்சார் ஒப்பந்ததாரர் சங்கத்தின் முறையைத்தான் கேட்பார்கள். அதில் ஏர் டைவிங் சூப்பர்வைசர், பெல் டைவிங் சூப்பர்வைசர் என்று இரண்டு உண்டு. மேலிருந்து குழாய் வழியே காற்று அனுப்பும் டைவிங் 50 மீட்டரோடு நிற்கும். அதற்குக் கீழே ஹீலியம் கலவை, பெல் (டைவர்களை ஆழத்துக்கு இறக்கும் மூடிய கூடு) எல்லாம் வரும். உங்களுக்கு இப்போது முதலாவதே போதும். பயிற்சியில் சேரவே, தகுதி பெற்ற டைவராகக் குறைந்தது இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும், கடல் வேலையில் 100 டைவாவது போயிருக்க வேண்டும். துறைமுகத்தில் கப்பலடி சுரண்டியதையெல்லாம் அந்த நூறில் சேர்க்காதீர்கள். லாக்புக்கை எடுத்துவைத்து, கையெழுத்து இருக்கும் கடல் டைவ்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். இரண்டு சீசனில் நூறு தேறுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்தப் பயிற்சி முடிந்ததும் நீங்கள் சூப்பர்வைசர் ஆகிவிட மாட்டீர்கள், 'டிரெய்னி' ஆவீர்கள். அப்புறம் கடலுக்குப் போய், அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்க, பேனலில் (டைவரை மேலிருந்து கவனிக்கும் கருவிப் பலகை) மணிக்கணக்கை ஏற்ற வேண்டும். உங்கள் கம்பெனி பரிந்துரைத்த பிறகு பரீட்சை. ஆகவே '15 நாளில் சூப்பர்வைசர்' என்பது பாதி உண்மைகூட இல்லை. பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பயிற்சியை யார் அங்கீகரித்திருக்கிறார்கள்? முடித்த பிறகு பேனல் மணிநேரத்துக்கு எந்தக் கம்பெனி என்னை ஏற்றுக்கொள்ளும்? இரண்டாவது கேள்விக்கு உங்கள் இப்போதைய கம்பெனியே பதில் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் மூன்று லட்சத்தை பேங்கிலேயே விட்டுவையுங்கள்.

பேனல் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஆழம் காட்டும் முள், காற்றழுத்த முள், பேச்சுப் பெட்டி, கையில் ஒரு பேனா, அவ்வளவுதான். ஆனால் நான் டிரெய்னியாக உட்கார்ந்தபோது என் சூப்பர்வைசர் முள்ளைப் பார்க்கவே விடவில்லை. கண்ணை மூடி டைவரின் மூச்சை மட்டும் கேட்கச் சொன்னார். ஸ்பீக்கரில் அது கரகரவென்று வரும். வேலை கஷ்டமானால் வேகம் கூடும், அது சகஜம். திடீரென்று சத்தமே இல்லாமல் போனால் அவர் எதையோ பார்த்துவிட்டு மூச்சைப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த வித்தியாசம் பிடிபட எனக்கு மாதக்கணக்கானது.

அணை விஷயத்துக்கு வருவோம். எமரால்டு, அவலாஞ்சி, போர்த்திமந்து என்று உங்களைச் சுற்றி அணைகள்தான். 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின் திட்டமும் அங்கேதான். ஆனால் டைவர் வேலை அணையில் வருஷம் முழுக்க இருக்காது, வரும்போதுதான் வரும். சான்றிதழ் என்ன வேண்டும் என்பதும் அந்தந்த டெண்டரைப் பொறுத்தது. (எங்கள் தொழிலில் டெண்டர் என்றால் டைவரின் குழாயைப் பிடிப்பவர், அது வேறு.)

கடல் அனுபவத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவரவும் முடியாது. எமரால்டில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் ஐந்தில் நாலு பங்குதான். அதனால் அங்கே 20 மீட்டர் இறங்கினால் டிகம்ப்ரஷன் அட்டவணையில் 25 மீட்டராகக் கணக்குப் பார்க்க வேண்டும். சமவெளியிலிருந்து அன்றைக்கே ஏறிவந்த டைவர் என்றால் உடம்பில் ஏற்கெனவே மிச்ச நைட்ரஜன் இருக்கும், அதையும் சேர்க்க வேண்டும்.

அதைவிடப் பயங்கரம் இன்டேக் வாய், அதாவது அணைத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும் திறப்பு. 15 மீட்டர் தண்ணீருக்கு அடியில், மறுபக்கம் காலியாக இருக்கும் ஒரு அடிக்கு ஒரு அடி ஓட்டையை ஆள் மறைத்துவிட்டால் ஒரு டன்னுக்கு மேல் அழுத்திப் பிடிக்கும். மேலிருந்து எத்தனை பேர் இழுத்தாலும் வராது.

ஒரு மலை அணையில், 'கேட் மூடியாச்சு சார், இறங்கலாம்' என்றார்கள். எங்கள் சூப்பர்வைசர், 'சாவி எங்கே?' என்றார். 'கன்ட்ரோல் ரூமில் இருக்கும்.' 'அப்படியானால் கேட் இன்னும் மூடவில்லை' என்று சொல்லிவிட்டு, பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் திறந்துவிடாதபடி பூட்டுப் போட்டு, சாவி அவர் சட்டைப் பைக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகே டைவர் ஹெல்மெட்டை மாட்டினார். கீழே போய்ப் பார்த்தால் கேட் உண்மையிலேயே மூடித்தான் இருந்தது. ஒன்றரை மணி நேரத்தை வீணாக்கினார் என்று அவருக்கு நல்ல திட்டு. அடுத்த நாளும் சாவியைக் கேட்டார்.

இந்த மாதிரித் திட்டு வாங்க நீங்கள் தயாரா என்று பாருங்கள். தயார் என்றால் லாக்புக்கை எண்ணி, குறைகிற டைவ்களைக் கடலில் முடித்துவிட்டு, ஒரு வருஷம் கழித்துப் பயிற்சிக்குப் போங்கள்.

அம்மாவிடம், வேலை முடிந்தால் ஒரு நாள் தாமதமாகத்தான் வருவேன் என்று சொல்லிவையுங்கள். அந்த ஒரு நாள் கொச்சியிலேயே தங்க வேண்டும். கோயம்புத்தூர் அத்தை வீடு என்றெல்லாம் கிளம்ப வேண்டாம், அதுவே 400 மீட்டர் உயரம்.