கத்தியை வாங்கி வைத்த எழுபது பேர்

கேள்வி: கணவன் கையில் செத்த பெண் ஆவியாகத் திரும்பி வருகிற கோதிக் கதை தமிழில் உண்டா? உங்களை விடாமல் துரத்திய ஒன்றைச் சொல்லுங்கள்.

உண்டு. ஆங்கிலத்தில் இந்த வகைத் திகில் நாவல் 1764இல் தொடங்கியது என்பார்கள். அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். பழையனூர் நீலி. பழையனூர் என்பது திருவாலங்காட்டை ஒட்டிய ஊர், இப்போது திருவள்ளூர் மாவட்டம்.

கதை பலருக்கும் அரைகுறையாகத் தெரிந்திருக்கும். ஊருக்கு ஊர் மாறவும் செய்யும். நான் கேட்டு வளர்ந்ததைச் சொல்கிறேன்.

காஞ்சிபுரத்து அந்தணன் ஒருவன் காசிக்குப் போகிறான். ஊரில் மனைவி இருப்பதை மறைத்து அங்கே இன்னொரு பெண்ணை மணக்கிறான். அவளையும் துணைக்கு வந்த அவள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு திரும்புகிறான். வீடு நெருங்க நெருங்க அவனுக்கு உதறல் எடுக்கிறது. முதல் மனைவிக்கு என்ன பதில் சொல்வது? ஆலங்காட்டுப் பக்கம் வரும்போது, அண்ணன் அந்தண்டை போன நேரம் பார்த்து அவளைக் கொன்றுவிட்டு, நகைகளை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறான். திரும்பி வந்த அண்ணன் தங்கை கிடக்கும் கோலத்தைப் பார்த்து அங்கேயே தூக்கு மாட்டிக்கொள்கிறான்.

அடுத்த பிறவியில் அவன் காஞ்சியில் வணிகர் வீட்டுப் பிள்ளை. அவள் பேய். அவனுக்கு ஆபத்து இருக்கிறது என்று சோதிடர் சொல்லிவிட்டதால் மந்திரித்த கத்தி ஒன்று எப்போதும் அவன் கையில் இருக்கும். அது இருக்கும்வரை நீலியால் நெருங்க முடியாது. வியாபார வேலையாக அவன் பழையனூருக்கு வருகிறான். நீலி ஒரு கட்டையை எடுத்துப் பிள்ளையாக்குகிறாள் (கரிக்கட்டை என்பார்கள், தெற்கே கள்ளிக் கொம்பு என்பார்கள்). பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபையில் போய் அழுகிறாள். "இவர் என் கணவர். என்னைக் கைவிட்டுவிட்டுப் போகிறார்."

ஊரின் வேளாளப் பெரியவர்கள் எழுபது பேர் விசாரிக்கிறார்கள். அவன் கதறுகிறான்: இவள் என் மனைவி இல்லை, பேய், என்னைக் கொன்றுவிடுவாள். பிள்ளையை இறக்கி விடச் சொல்கிறார்கள். அது தத்தித் தத்திப் போய் 'அப்பா' என்று அவன் மடியில் ஏறி உட்கார்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இரண்டு பேரும் இன்றிரவு ஒரே அறையில் தங்குங்கள், விடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். கத்தியோடு உள்ளே போனால் அவளைக் குத்திவிடுவான் என்று அதையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரை விடுகிறோம் என்று வாக்கும் கொடுக்கிறார்கள். கதவைச் சாத்துகிறார்கள்.

காலையில் அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னது என் அப்பாவைப் பெற்ற பாட்டி. மின்சாரம் போன ராத்திரிகளில் எங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்வார். சின்ன வயதில் எனக்குப் பயம் நீலியிடம்தான். நாற்பதைத் தாண்டிய பிறகு பயம் இடம் மாறிவிட்டது. இப்போது என்னை நடுங்க வைப்பது அந்தக் கதவு. அதைச் சாத்தியவர்கள் நல்லவர்கள் என்பது இன்னும் நடுங்க வைக்கிறது.

அந்த வணிகன் சபையில் பேசியதை மறுபடி படித்துப் பாருங்கள். என்னை இந்த ஆளோடு தனியாக விடாதீர்கள், கொன்றுவிடுவாள் என்கிறான். யாரும் நம்பவில்லை. பிள்ளை முகத்தைப் பார் என்கிறார்கள். ஒரு ராத்திரி பொறுத்துக்கொள் என்கிறார்கள். தற்காப்புக்கு இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். இது ஆணுக்கு நடப்பதால்தான் பேய்க்கதை. பெண்ணுக்கு நடந்தால் இதற்குப் பெயர் பஞ்சாயத்து. நீலி அவனைப் பழிவாங்கியது கழுத்தை நெரித்த நேரத்தில் அல்ல என்று நினைக்கிறேன். சபையில் ஒருவரும் நம்பாமல், அவன் ஒரு மனைவியாக நின்றானே, அந்த நேரத்தில். கொலை அதற்கப்புறம் வருகிற சடங்கு.

எனக்கு இது புத்தகம் படித்துத் தோன்றியதில்லை. 1988இல் எங்கள் வீட்டுக் கூடத்தில் நானே இப்படி ஒரு சபையைப் பார்த்தேன். எனக்கு எட்டு வயது. அத்தை மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தார். காதோரம் வீங்கியிருந்தது, தலைமுடியை இழுத்துவிட்டு மறைத்திருந்தார். தாத்தா, அப்பா, சித்தப்பா, அத்தை கணவர் வீட்டுப் பெரியவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை சுவரோரம் நின்றுகொண்டு, "அவர் என்னைக் கொன்னுருவாருப்பா" என்றார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. யாரோ ஒருவர் சிரித்தார். "கட்டின பொண்டாட்டிய யாராவது கொல்லுவானா?" தாத்தா சொன்னது: "ஏதாவது ஆச்சுன்னா நாங்க இருக்கோம்ல." மனைவியைக் கணவனோ அவன் வீட்டாரோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய 498ஏ சட்டப் பிரிவு 1983லேயே வந்தாயிற்று. அந்தக் கூடத்தில் யாரும் அதை வாயெடுத்துச் சொல்லவில்லை.

அத்தை அப்போது ஒரு பள்ளியில் டீச்சர். நீ வேலைக்குப் போவதால்தான் இத்தனை பிரச்சினை, அதை விட்டுவிடு என்று முடிவு செய்தார்கள். ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கொடுத்தது என் அப்பா. அழகான கையெழுத்து அவருக்கு. கத்தியை வாங்கி வைத்தாயிற்று.

அழுதுகொண்டே அத்தை உள்ளே போனபோது பாட்டி சொன்னார்: "நீலிக்கண்ணீர் வடிக்காத. பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்." பெற்ற தாய்தான். அவரும் ஏறியிருப்பார் போல.

நீலிக்கண்ணீர் என்ற சொல்லைப் பொய் அழுகைக்குப் பயன்படுத்துகிறோம். சபையில் அவள் சொன்னது பொய்தான், அந்தப் பிறவியில் அவன் அவள் கணவன் இல்லை. ஆனால் கொன்றது நிஜம். முதல் தடவை அவள் செத்தபோது விசாரிக்க எழுபது பேர் வேண்டாம், ஒருவர்கூட வரவில்லை. அவள் அழுகையில் பொய்யாக இருந்த பாதியை மட்டும் மொழி எடுத்து வைத்துக்கொண்டது.

நூல்களும் கிட்டத்தட்ட அதையேதான் செய்தன. திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில், வஞ்சம் செய்து ஒருத்தி உயிரைக் கொண்டுபோன கதையைக் கேட்டு அஞ்சும் ஊர் என்று பழையனூரைப் பாடுகிறார். ஏழாம் நூற்றாண்டிலேயே இது ஊரறிந்த கதை என்பதற்கு அந்த வரி போதும். பெயர் இல்லை, 'ஒருத்தி'. சேக்கிழார் திருக்குறிப்புத்தொண்டர் புராணத்தில் தொண்டை நாட்டின் பெருமைகளை அடுக்கும்போது, வணிகனுக்குக் கொடுத்த சொல்லுக்காக உயிரைக் கொடுத்த பழையனூரார் மேன்மையைச் சொல்கிறார். அந்தப் பாட்டில் வணிகன் இருக்கிறான், சொல் இருக்கிறது, நீலி இல்லை. அந்தப் பெரியவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் "நாங்க இருக்கோம்ல" என்றவர்களில் ஒருவர்கூடத் தீக்குச்சிச் சூட்டையும் தாங்கவில்லை. அவர்களாவது சொன்னதைச் செய்தார்கள்.

திருவாலங்காட்டில் இன்னொரு பேயும் உண்டு, அவரும் ஒருத்தருக்கு மனைவியாக இருந்தவர். காரைக்கால் அம்மையார். மாங்கனி அதிசயத்துக்குப் பிறகு கணவன் பயந்துபோய்க் கப்பலேறி, பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அவன் அடித்தவனில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவனுக்காகச் சுமந்த உடம்பின் சதை இனி எதற்கு என்று அதை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கினார் அம்மையார். அவர் தலையால் நடந்த மண்ணில் கால் வைக்கத் தயங்கித்தான் சம்பந்தர் ஊருக்குள் போகாமல் தங்கினார் என்றும், கனவில் இறைவன் வந்து கேட்ட பிறகு அந்தப் பதிகத்தைப் பாடினார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. ஒரு பேய்க்கு மரியாதை செய்யத் தங்கிய இடத்தில் பாடிய பாட்டுக்குள் இன்னொரு பேய் வந்துவிட்டாள். எந்தக் கோதிக் எழுத்தாளருக்கும் இப்படி ஓர் ஊர் கிடைத்ததில்லை.

தெற்கே போனால் நீலி வேறு ஆள். அங்கே இசக்கியம்மன் கதையாக, வில்லுப்பாட்டாக இதைப் பாடுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. இசக்கி சிலைகளில் கையில் பிள்ளை இருக்கும். பிள்ளை வரம் கேட்டு அவளிடம் போகிறார்கள். கோயிலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் காற்றாலைகள். மதிய வெயிலில் அந்த இறக்கைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, வடக்கே பழியாக நின்றுபோனவளை இவர்கள் தாயாக்கிக் குடியமர்த்திவிட்டார்களே என்று நிம்மதியாக இருந்தது.

சமணர்கள் இன்னொரு வழி பார்த்தார்கள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியின் நாயகி இதே பழையனூர் நீலிதான். ஒரு முனிவரைப் பயமுறுத்த வந்தவள் அவரிடமே அறம் கேட்டு மனம் மாறி, ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறாள். முதலில் வாதிடுவது குண்டலகேசியோடு. குண்டலகேசி யார்? நகைக்காகத் தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்லப் பார்த்த கணவனை, வலம் வந்து வணங்குகிறேன் என்று சொல்லிப் பின்னால் போய்த் தள்ளிவிட்டவள். அவள் பெயரிலான பௌத்தக் காப்பியத்தில் இன்று கிடைப்பது 19 பாடல்கள்தான். கணவன் கையில் செத்தவளும், சாவதற்கு முன்னால் முந்திக்கொண்டவளும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். பேசுவது முழுக்க மதத் தத்துவம்! புருஷன்மாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கக்கூடாதா என்று எனக்கு இன்னும் ஆதங்கம்.

சரி, அத்தை. அவரைக் கணவர் கொல்லவில்லை. பதினாறு வருடம் கழித்து நோயில் கிடந்து அவரேதான் செத்தார். அத்தைதான் பார்த்துக்கொண்டார். காரியம் முடிந்த அன்று, இனியாவது நிம்மதியாக இரு என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நிம்மதி வரவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழுந்து நின்றுவிடுவார். யாரும் கேட்காமலே டிவி சத்தத்தைக் குறைப்பார். பாத்திரத்தைத் தரையில் வைக்கும்போது சத்தம் வராமலிருக்க விரலை அடியில் கொடுத்து வைப்பார், விரல் நசுங்கினாலும். எந்த அறையிலும் கதவைத் தாழ்போட விடமாட்டார், குளியலறை உட்பட. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் தம்பி ஒருநாள் கேலி செய்தான். "மொதல்ல யாரு அரட்டினாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் பழமொழி சொல்லுடா" என்றார் அத்தை.

போன வருடம் ஒரு மத்தியானம், நான் இங்கே எழுதியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கத்தி, கதவு, ராஜினாமாக் கடிதம் எல்லாம். அப்பா பற்றி வருத்தத்தோடு ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அத்தை அதைக் காதில் வாங்கவில்லை.

"அந்தப் புள்ள அப்பான்னுதானே மடியில போய் உக்காந்துச்சு?"

"ஆமா அத்தை."

"அதுக்கு அந்தாளத் தெரியவே தெரியாதுல்ல?"

"கட்டைதானே அத்தை. அவதான் செஞ்சு கொண்டுவந்தா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பக்கத்து அறையில் அவர் மகன் ஃபோனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். உரக்கப் பேசுகிறவன், அவன் அப்பா மாதிரியே.

"அன்னைக்குக் கூடத்துல இவன் அவர் மடியிலதான் உக்காந்திருந்தான். மூணு வயசு. வரும்போதே பிஸ்கட் பாக்கெட் வாங்கிட்டு வந்திருந்தார். எல்லாரும் இவனையே பாத்துட்டிருந்தாங்க."

காற்றில் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டு வந்தது. அத்தை எழுந்து போய் அதைத் திறந்து, நகராமலிருக்க நாற்காலியை இழுத்து முட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.