காரவன் முதலில், கப்பல் பிறகு: வாசகர் கேள்வி – பதில்

பணி ஓய்வுக்குப் பின் ஊர் சுற்றுவதைப் பற்றி நம் தென்னாப்பிரிக்க வாசகர்கள் எழுதிய கடிதங்கள் இம்மாதம் மற்றவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், மனைவியும் ஆசிரியராக இருந்தவர். மகன் ஜோகன்னஸ்பர்க்கிலும் மகள் பெர்த்திலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் எங்கள் வயதுத் தம்பதியர் பலர் வீட்டை விற்றுவிட்டு, ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியில் ஆண்டின் பெரும்பகுதியையும் சொகுசுக் கப்பலில் மீதியையும் கழிக்கிறார்கள். நாங்களும் வீட்டை விற்று ஒரு மோட்டார்ஹோம் வாங்கலாமா?
– சாட்ஸ்வர்த் வாசகர்

பதில்: விற்க வேண்டாம், ஐயா. ஊர் என்ன பேசும், பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அமெரிக்கத் தம்பதியர் அப்படி வாழ முடிகிறதென்றால், அதற்கான ஏற்பாடுகள் அந்த நாட்டில் பல பத்தாண்டுகளாக வேரூன்றியிருக்கின்றன. தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஓர் இரவு தங்கியதற்கான ரசீதைக் காட்டி, ஊர் ஊராகச் செல்லும் ஒருவர் ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொள்ளலாம். அவர் பெயருக்கு வரும் கடிதங்களை வாங்கி, அவர் இருக்கும் இடத்துக்கு அனுப்பி வைப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் அங்கே உண்டு. 65 வயதில் கிடைக்கும் மெடிகேர் காப்பீடு ஐம்பது மாநிலங்களிலும் செல்லும். வண்டி நிறுத்துமிடங்கள் பலவற்றில் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றுக்கும் குழாயும் இணைப்பும் இருப்பதால், வண்டிக்குள்ளேயே குளித்துச் சமைத்து மாதக்கணக்கில் இருக்க முடிகிறது.

அப்படியிருந்தும் அவர்களுக்கும் ஒரு நாள் நிற்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எஸ்கேப்பீஸ் என்னும் வீட்டு வண்டிப் பயணிகள் சங்கத்தின் தலைமையகம் டெக்சாஸ் மாநிலத்து லிவிங்ஸ்டனில் இருக்கிறது. முதுமையாலோ நோயாலோ இனி ஓட்ட முடியாது என்றாகிவிட்ட உறுப்பினர்கள் தங்கள் வண்டியை நிறுத்திக்கொண்டு, உணவும் உதவியும் பெற்று அதிலேயே வாழ்வதற்கான ஓர் இல்லம் அதன் அருகிலேயே நடக்கிறது. சாலையே வீடு என்று புறப்பட்டவர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட ஊர் அது. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை.

இங்கே வங்கியும், மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவச் செலவுத் திட்டமும், வாகனப் பதிவு அலுவலகமும் முகவரிக்குச் சான்று கேட்கும். நம் முகாம்களில் பெரும்பாலும் மின்சாரமும் பொதுக் குளியலறையும் கிடைக்குமே தவிர, வண்டிக்கென்று கழிவுநீர் இணைப்பு அரிது. பணத்தைப் பற்றியும் யோசியுங்கள். அரசு ஓய்வூதிய நிதியிலிருந்து வந்த மொத்தத் தொகையை மோட்டார்ஹோமில் போட்டால், அது கடையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து விலை இறங்கும். டர்பனின் உப்புக் காற்று அந்த இறக்கத்தை விரைவுபடுத்தும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதற்கு வழியிருக்கிறது. பின்கட்டில் நம்பகமான குடித்தனக்காரர் ஒருவர் இருந்தால் வீடும் காவலில் இருக்கும், டீசலுக்கும் பணம் வரும். வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை மட்டும் ஒரு முறை படித்துப் பாருங்கள். வீடு தொடர்ந்து இத்தனை நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் திருட்டுக்கு இழப்பீடு இல்லை என்ற விதி பல பத்திரங்களில் உண்டு.

மோட்டார்ஹோம் ஆசையை நான் தடுக்கவில்லை. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் மோட்டார்ஹோம்களை வாடகைக்கு விடுகிறார்கள். கூட்டமில்லாத மே மாதத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்றை எடுத்து ஓட்டிப் பாருங்கள். மழையில் இருவரும் ஒரு சிறு அறைக்குள் இரண்டு நாள் அடைந்து கிடந்த பின்னும் மூன்றாம் நாள் சிரித்துப் பேசுகிறீர்கள் என்றால், வாங்குவதைப் பற்றி மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: என் கணவர் பழைய காரவன் (பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) ஒன்றை வாங்கி, எங்கள் பக்கியில் (பிக்கப் வண்டியில்) பூட்டி இழுக்கப் போகிறார். எனக்கும் உரிமம் உண்டு. ஆனால் வண்டிக்குப் பின்னால் எதையும் கட்டி ஓட்டியதில்லை. "நீ பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னால் போதும்" என்கிறார். நானும் கற்றுக்கொள்ள வேண்டுமா?
– பீனிக்ஸ் வாசகி, ஓய்வு பெற்ற செவிலியர்

பதில்: கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும், அம்மா. ஜோகன்னஸ்பர்க் போகும் வழியில், வான் ரீனன் மலைக் கணவாயில் உங்கள் கணவருக்கு நெஞ்சு வலித்தால் வழி சொல்வதால் பயனில்லை. செவிலியராக இருந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் இருவரின் உரிம அட்டையையும் மேசையில் வைத்துப் பாருங்கள். பழைய 08 குறியீட்டு உரிமத்தை அட்டையாக மாற்றியவர்களுக்கு இ.பி. என்று இருக்கும், அவர்கள் 750 கிலோவுக்கு மேற்பட்ட காரவனையும் இழுக்கலாம். பி என்று மட்டும் இருந்தால், பின்னால் வரும் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோவைத் தாண்டக் கூடாது. குடும்பக் காரவன்கள் பெரும்பாலும் அதைத் தாண்டியவை. ஆகவே உங்கள் அட்டையில் பி மட்டும் இருந்தால், சட்டப்படி நீங்கள் அதை ஓட்டவே முடியாது. ஓட்டினால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடம் கொடுத்தவர் ஆவீர்கள். இ.பி. தேர்வில் ஓட்டிக் காட்டி உரிமம் எடுத்துவிடுங்கள். மோட்டார்ஹோம் பக்கம் மனம் போனாலும் இதே கவனம் தேவை, ஏனென்றால் 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு சி1 உரிமம் வேண்டும்.

அடுத்தது எடை. காரவனின் பக்கவாட்டுத் தகட்டில் அடித்திருக்கும் மொத்த எடை, உங்கள் பக்கியின் வெற்று எடையைத் தாண்டாமல் இருக்க வேண்டும். பொருட்களை அடுக்கும்போது கனமானவை அச்சின் மேலும் தரையோடு ஒட்டியும் இருக்கட்டும். பின்பக்கம் கனத்தால் காரவன் வாலாட்டத் தொடங்கும். அப்படி ஆடினால் பிரேக்கை அழுத்தாதீர்கள், வேகத்தையும் கூட்டாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டால் அது தானாக அடங்கும். கொக்கியின் மேல் விழும் பாரம், ஏற்றிய எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு இருப்பது நல்லது.

பழைய காரவன் என்கிறீர்களே, அதனால் டயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நிறுத்தியே வைத்திருந்த காரவனின் டயர் தேயாமலேயே கெட்டுப்போகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2316 என்றிருந்தால் அது 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பார்ப்பதற்குப் புதிதுபோல் மின்னினாலும் அந்த வயதுள்ள டயரை மாற்றிவிட்டுத்தான் நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். விற்பவர் "ஓடவே இல்லை, அம்மா, புதுசு மாதிரி" என்று சொன்னால் அதைத்தான் முதலில் பாருங்கள். படுக்கைக்குக் கீழேயும் ஜன்னல் ஓரங்களிலும் கையால் அழுத்திப் பாருங்கள். பலகை மெத்தென்று உள்ளே போனால் மழைநீர் கசிந்திருக்கிறது, அந்தக் காரவன் வேண்டாம்.

முதல் ஓட்டத்துக்கு மிட்மார் அணை போதும். டர்பனிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர்தான். ஆனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டிய டவுன் ஹில் ஏற்றத்தில் பக்கியின் மூச்சு எவ்வளவு என்பதும், திரும்பி வரும் இறக்கத்தில் பிரேக்கின் நிலை என்ன என்பதும் தெரிந்துவிடும். ஏறும்போது அவர் ஓட்டட்டும், மறுநாள் இறங்கும்போது நீங்கள் ஓட்டுங்கள். லாரிகளுக்கு அஞ்சி வேகம் கூட்டாமல், தாழ்ந்த கியரில் இடப்பக்கமே இறங்குங்கள். குளிர்காலத்தில் வான் ரீனனைக் கடக்க நினைத்தால் வானிலை அறிக்கையைக் கேட்டபின் புறப்படுங்கள். 2024 செப்டம்பரில், குளிர்காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், அங்கே பனி கொட்டி என்3 நெடுஞ்சாலையே அடைபட்டது. வண்டிகள் இரவு முழுவதும் சாலையிலேயே நின்றன.

கேள்வி: நாங்கள் சைவம். கப்பலில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? புரட்டாசி விரதத்துக்கும் காவடிக்கும் இடையூறு வராமல் போக முடியுமா?
– டோங்காட் வாசகி

பதில்: டர்பனிலிருந்து புறப்படும் கப்பல்களின் பருவம் ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை. புரட்டாசி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தைப்பூசம்தான் நடுவில் வரும். ஆகவே காவடி நாளைக் கோயிலில் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நாளையும் விரத நாட்களையும் தவிர்த்துப் பதிவு செய்யுங்கள். இந்தியப் பயணிகள் நிறைய ஏறுவதால் சைவ உணவு கிடைக்கும். ஆனால் வெங்காயம், பூண்டு, முட்டை எதுவும் கூடாது என்றால் பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவியுங்கள். ஏறிய பின் சொன்னால் மூன்று வேளையும் சாலட்டோடு முடியும். சமைக்கும் மின்கருவி எதையும் கேபினுக்குக் கொண்டுபோக முடியாது, பறித்து வைத்துக்கொள்வார்கள். ஊறுகாய்ப் புட்டியைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த விஷயத்தில் நான் எந்தப் பக்கமும் சாயமாட்டேன்.

கேள்வி: என் கணவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறார், எனக்கு முழங்கால் வலி. பிள்ளைகள் எங்களைக் கப்பலில் அனுப்ப விரும்புகிறார்கள். எந்தப் பயணம் எங்களுக்கு ஏற்றது? மெடிக்கல் எய்ட் கப்பலில் செல்லுமா?
– மெர்பேங்க் வாசகி

பதில்: முதல் முறைக்கு மொசாம்பிக் பக்கம் மூன்று நான்கு இரவுகள் போய்வரும் குறும் பயணமே போதும். ஆனால் விளம்பரப் படத்தில் வெள்ளை மணலோடு தெரியும் போர்த்துகீசியத் தீவில் கப்பல் அணையும் துறை இல்லை. சிறு படகில் இறங்கி, சில சமயம் முழங்கால் தண்ணீரில் கால் வைத்து ஏற வேண்டும். மொசாம்பிக் கரையிலுள்ள பொமெனிலும் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அலை உயர்ந்தால் இறக்கவே மாட்டார்கள். முழங்கால் வலியுள்ள நீங்கள் அன்று கப்பலிலேயே இருந்துவிட்டாலும் நட்டமில்லை; எல்லோரும் இறங்கிப்போன கப்பலைப் போல அமைதியான இடம் வேறில்லை. கடல் ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்த பின் மொரிஷியஸ், ரீயூனியன் நோக்கிப் போகும் நீண்ட பயணத்தைப் பாருங்கள். மொரிஷியஸின் போர்ட் லூயிஸில் கப்பல் துறையிலேயே அணைவதால் ஏணிப்பாலத்தில் நடந்து இறங்கலாம், சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலுக்கும் டாக்சியில் போய்வரலாம். நம் கப்பல் பருவமும் அங்கே புயல் பருவமும் ஒன்றுதான் என்பதால், புயல் வந்தால் வழி மாறும், துறை விடுபடும். அந்த உரிமை கப்பல் நிறுவனத்துக்கு உண்டு என்று பயணச்சீட்டின் நிபந்தனைகளிலேயே எழுதியிருக்கும். டர்பன் – கேப்டவுன் வழியை முதல் பயணமாக எடுக்க வேண்டாம். தெற்கு நோக்கி ஓடும் அகுல்யாஸ் நீரோட்டத்தைத் தென்மேற்குக் காற்று எதிர்க்கும்போது அங்கே அலைகள் செங்குத்தாக எழும். 1991 ஆகஸ்டில் ஓஷனோஸ் என்னும் பயணக் கப்பல் அந்தக் கரையோரத்தில்தான் புயலில் மூழ்கியது. அதிலிருந்த 571 பேரும் காப்பாற்றப்பட்டார்கள்.

கேபினைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தைவிட நடுப்பகுதியைப் பாருங்கள். கீழ்த்தளத்தில், நீளவாக்கில் நடுவில் உள்ள கேபினில் ஆட்டம் குறைவு, விலையும் குறைவு. மின்தூக்கிக்கு அருகில் கேட்டால் உங்கள் முழங்காலுக்கும் உதவும். கடல் மயக்கத்துக்கான மாத்திரைகள் சில, கண் அழுத்த நோயும் புரஸ்டேட் தொல்லையும் உள்ளவர்களுக்கு ஆகாதவை. கணவரின் மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்க வேண்டாம். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வரை குளிர் வேண்டும். கேபினில் உள்ள சிறு குளிர்பெட்டி அவ்வளவு குளிராது. கப்பல் மருத்துவமனையில் வைத்துத் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஊசியும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும், மருத்துவரின் கடிதத்தோடு. பெரிய பெட்டிகள் கேபினுக்கு வந்து சேர மாலையாகிவிடும்.

மெடிக்கல் எய்டை நம்பி ஏறாதீர்கள். கப்பல் மருத்துவரைப் பார்த்தால் கட்டணம் உங்கள் கப்பல் கணக்கில் ஏறும், பெரும்பாலும் டாலரில். பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதோடு திரும்பி வந்துதான் திட்டத்திடம் கேட்க முடியும், அவர்கள் எவ்வளவு தருவார்கள் என்பது திட்டத்தைப் பொறுத்தது. அமெரிக்க முதியவர்களின் மெடிகேருக்கும் இதே கதைதான்: அந்நாட்டுத் துறைமுகத்திலிருந்து ஆறு மணி நேரத் தொலைவுக்கு அப்பால் கப்பலில் நடக்கும் சிகிச்சைக்கு அது பணம் தருவதில்லை. ஆகவே, ஏற்கெனவே உள்ள நோய்களையும், அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீட்டை எடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோயை மறைத்து எடுத்த காப்பீடு வேண்டிய நேரத்தில் கைகொடுக்காது. பிள்ளைகள் கட்டும் தொகைக்கு மேல் துறைமுகக் கட்டணமும், இரவுக்கு இவ்வளவு என்று தலைக்குப் போடும் சேவைக் கட்டணமும் வரும். அதையும் அவர்களிடமே சொல்லிவிடுங்கள், தயங்க வேண்டாம்.

கேள்வி: என் கணவருக்குக் காரவன் ஆசை, எனக்குக் கப்பல் ஆசை. இருவருக்கும் வயது 64. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. எதை முதலில் செய்வது?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: காரவன் முதலில். உங்கள் ஆசையைத் தள்ளிவைக்கச் சொல்வதாக நினைக்காதீர்கள். காரவனுக்கு முதுகும் கண்ணும் இரவுத் தூக்கமும் வேண்டும். கொக்கியில் மாட்டவும், தண்ணீர்ப் பாத்திரம் தூக்கவும், குனிந்து சக்கரத்துக்குக் கட்டை வைக்கவும் 64இல் முடிவது 74இல் முடியாமல் போகலாம். கப்பல் 74இலும் உங்களை ஏற்றிக்கொள்ளும், சக்கர நாற்காலியோடும் ஏற்றிக்கொள்ளும்.

காரவனை வாங்காமல் வாடகைக்கு எடுத்தால், மீதிப் பணத்தைக் கப்பலுக்கென்று தனிக் கணக்கில் போடலாம். அந்தக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். குரூகர் பூங்காவுக்கு மே மாதத்திலோ, பள்ளிகள் திறந்த பின் ஆகஸ்டிலோ போங்கள். புல் காய்ந்து, விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வரும் காலம் அது. மலேரியா அபாயமும் குறைவு, ஆனால் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. 60 வயது கடந்த தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்குத் தேசியப் பூங்கா நிர்வாகம் குறிப்பிட்ட காலங்களில் தங்கும் கட்டணத்தைக் குறைக்கிறது, பதிவு செய்யும்போது அடையாள அட்டை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பூங்காவுக்குள் தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. மே முதல் ஜூலை வரை முகாம் வாசலை மாலை ஐந்தரைக்கே அடைத்துவிடுவார்கள். பூங்காவின் தெற்கே உள்ள மலெலானே வாசலில் பிற்பகல் நுழைந்து, தொலைவிலுள்ள சத்தாரா முகாமை அடையலாம் என்று உங்கள் கணவர் கணக்குப் போட்டால், முதல் இரவை வாசலுக்கு அருகிலுள்ள பெர்க்-எண்-டால் முகாமில் கழிக்கும்படி இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.